47 நாள் பாக்கி, 1,150 டிரம் பழைய கூழ்: வங்கியிடம் முதலில் என்ன சொல்வது?

மாங்கூழ்_யாதமரி | செப்டம்பர் 3, இரவு 9.40

வணக்கம். சித்தூரை அடுத்த யாதமரி பக்கம் சிறிய மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். அப்பா தொடங்கியது. இப்போது நானும் தம்பியும் பங்குதாரர்கள். வீட்டில் தமிழ், ஆலையில் தெலுங்கு, வங்கியில் ஆங்கிலம் என்று ஓடுகிற பிழைப்பு. இதை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சி.சி. கணக்கில் (சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் எடுக்கும் நடைமுறைக் கடன்) வரம்பு 2 கோடி, நிலுவை 1 கோடியே 74 லட்சம். அது தவிர எந்திரக் கடன் 62 லட்சம், மாதத் தவணை 1.90 லட்சம். ஜூலை 18 தவணையும் ஆகஸ்ட் 18 தவணையும் கட்டவில்லை. இன்றோடு 47 நாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 சீசனில் தோத்தாபுரி மாங்காய் விலை ஏறியிருந்த நேரத்தில் பயந்து பயந்து வாங்கி அரைத்தோம். கிலோ கூழின் அடக்க விலையே 65 ரூபாய் ஆனது. செங்கடலில் 2023 நவம்பர் முதல் கப்பல்கள் தாக்கப்பட்டதில் ஐரோப்பா போகும் சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. வாடகை ஏறியதும் வாங்குவோர் கையை இழுத்துக்கொண்டார்கள். அந்த வருடக் கூழில் 1,150 டிரம் இன்னும் கிடங்கில் நிற்கிறது. இப்போது 40 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். இந்த 2025 சீசனில் ஆந்திர அரசு காய்க்குக் கிலோவுக்கு 12 ரூபாய் அறிவித்தது. 8 ரூபாய் ஆலை, 4 ரூபாய் அரசு. நாங்கள் 280 டன் மட்டும் எடுத்து 650 டிரம் போட்டோம். விவசாயிகளுக்குத் தர வேண்டிய 22.40 லட்சத்தில் 6 லட்சம்தான் தந்திருக்கிறோம். ஒரு குளிர்பான நிறுவனம் 31 லட்சத்தை ஐந்து மாதமாகத் தராமல் இழுக்கிறது.

கிளையிலிருந்து தினமும் போன் வருகிறது. நான்கு நாளாக எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கூழ் விலை 50-க்கு வரும் வரை பொறுத்துப் பார்க்கலாமா, இப்போதே போய்ச் சொல்லிவிடலாமா?

---

பரதராமி_வியாபாரி | செப்டம்பர் 3, இரவு 10.15

அண்ணா, வங்கியிடம் போய் நொடித்துவிட்டேன் என்று நீங்களே சொல்லாதீர்கள். சொன்ன மறுநாளே வரம்பை முடக்குவார்கள். குடியாத்தத்தில் நூற்றுக்கு மூன்று வட்டியில் பத்து லட்சம் புரட்டித் தவணையைக் கட்டுங்கள். தீபாவளிக்குள் கூழ் நகரும். நகர்ந்ததும் அடைத்துவிடலாம்.

---

நகரி_தறிக்காரர் | செப்டம்பர் 3, இரவு 11.02

தம்பி, மூன்று வட்டிப் பணத்தை மட்டும் தொடாதே. நான் தொட்டவன்.

நகரியில் எனக்கு 24 விசைத்தறி இருந்தது. நூல் விலை எகிறிய காலத்தில் வங்கிப் பாக்கியை மறைக்க 4 லட்சம் வெளியில் வாங்கினேன். வங்கி 90 நாள் பொறுக்கும், வட்டிக்காரர் 30 நாள்கூடப் பொறுக்க மாட்டார். ஆகவே வருகிற பணமெல்லாம் அவருக்கே போனது. எட்டாவது மாதம் வங்கிக் கணக்கு எப்படியும் வாராக்கடன் ஆனது. மிஞ்சியது இரண்டு கடன்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். அடமானச் சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 13(2) பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். அதற்குப் பதில் எழுதலாம், எழுதினால் வங்கி 15 நாளுக்குள் மறுமொழி தந்தாக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். 60 நாள் கழிந்ததும் வீட்டுக் கதவில் உடைமை நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பத்திரிகையிலும் போட்டார்கள், ஒன்று ஆங்கிலம், ஒன்று தெலுங்கு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என் அப்பா. அவருக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து தெரியாது. தேநீர்க் கடையில் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டும்போது தன் பெயர் வந்த இடத்தில் 'மறுபடி படி' என்றாராம். இரண்டு முறை படிக்கச் சொல்லிவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்த டம்ளரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை வங்கியிலிருந்து போன் வந்தால் எடு.

---

பழைய_கிளை_மேலாளர் | செப்டம்பர் 4, காலை 6.30

31 வருடம் கிராமப்புறக் கிளைகளில் இருந்தேன். கடைசி ஆறு வருடம் கடன் வசூல் பிரிவு. இப்போது குடியாத்தத்தில் வசிக்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஜூலை 18 தவணை இது வரை கட்டப்படவில்லை என்றால் உங்கள் கடன் இப்போது எஸ்.எம்.ஏ. 1 என்ற எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறது. செப்டம்பர் 16 இரவு எஸ்.எம்.ஏ. 2. அக்டோபர் 16 இரவு கணக்கு முடிக்கும்போது என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். இதில் மேலாளர் மனம் வைத்து ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது, கணினி தானே குறித்துவிடும். ஒரு கடன் வாராக்கடன் ஆனால் அதே வங்கியில் உள்ள உங்கள் சி.சி.யும் சேர்ந்தே ஆகும்.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரூபாய்க்கு வேறு மதிப்பு. இன்று நீங்கள் ஜூலை தவணை ஒன்றை மட்டும் கட்டினால் நாள் கணக்கு ஆகஸ்ட் 18-க்கு நகர்ந்துவிடும். அக்டோபர் 16-க்குப் பிறகு ஒரு தவணை கட்டிப் பயனில்லை. அசலிலும் வட்டியிலும் உள்ள பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு மீளும். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்தக் கூழ் அல்ல, இந்த 43 நாள்.

அடுத்து ஒரு கேள்வி, ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது சரக்குக் கணக்கு, கொடுத்தீர்களா? பழைய கூழுக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள்? விவசாயிகளுக்குக் கொடுத்த 6 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து போனது?

---

மாங்கூழ்_யாதமரி | செப்டம்பர் 4, காலை 8.10

ஐயா, ஸ்டேட்மென்ட் கொடுத்தோம். 65 ரூபாய் என்றே போட்டிருக்கிறோம். விவசாயிகள் பாக்கியைக் கழிக்கவில்லை.

6 லட்சம் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் ஒருவர் பழைய பாக்கி அனுப்பினார். சி.சி.யில் வந்தால் வங்கி பிடித்துக்கொள்ளும் என்று வேறு வங்கியில் உள்ள நடப்புக் கணக்கில் போடச் சொல்லி, அதிலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்தோம். ஒரு ரூபாய்கூட வீட்டுக்கு எடுக்கவில்லை.

---

பழைய_கிளை_மேலாளர் | செப்டம்பர் 4, காலை 9.25

நம்புகிறேன். ஆனாலும் அது உங்களையே குத்துகிற கத்தி. எப்படி என்று கணக்காகக் காட்டுகிறேன்.

சி.சி. கணக்கு வாராக்கடன் ஆவதற்குப் பல வழிகள் உண்டு. டிராயிங் பவரை, அதாவது கையிலுள்ள சரக்கின் மதிப்புக்கு வங்கி எடுக்க விடும் தொகையை, தாண்டி 90 நாள் நிற்பது ஒரு வழி. 90 நாளில் வங்கி பற்று வைத்த வட்டிக்கு ஈடான வரவுகூட விழாமல் இருப்பது இன்னொரு வழி. உங்கள் நிலுவைக்கு ஆண்டு வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்தாலும் மூன்று மாத வட்டி ஏறக்குறைய 4.57 லட்சம். அந்த 6 லட்சம் சி.சி.யில் விழுந்து, அங்கிருந்தே காசோலையாக விவசாயிகளுக்குப் போயிருந்தால் வட்டிக்கு மேலேயே வரவு காட்டியிருக்கும். விவசாயிகளுக்கும் அதே பணம் போய்ச் சேர்ந்திருக்கும். வேறு கணக்கில் போட்டதால் உங்கள் சி.சி. செத்த கணக்கு போலத் தெரிகிறது. நாளை வங்கி தணிக்கையில் கண்டால், விற்ற பணத்தைத் திருப்பிவிட்டார் என்று எழுதுவார்கள். 25 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் அந்த எழுத்து எங்கே கொண்டுபோகும் தெரியுமா? வேண்டுமென்றே கடனைச் செலுத்தாதவர் என்ற பட்டியலுக்கு. அதில் பெயர் ஏறினால் எந்தச் சீரமைப்பும் உங்களுக்குக் கிடையாது.

இப்போது டிராயிங் பவர். பழைய கூழ் 1,150 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, 40 ரூபாய் மேனி 98.9 லட்சம். புதிய 650 டிரம் அடக்க விலை 32 என்று வைத்தால் 44.7 லட்சம். மொத்தம் 143.6. விவசாயிகள் பாக்கி 16.4 லட்சத்தைக் கழித்தால் 127.2. அதில் உங்கள் பங்கான 25 சதவீதம் மார்ஜின் போக 95.4 லட்சம். குளிர்பான நிறுவனத்தின் 31 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டதால் எந்த வங்கியும் அதைக் கணக்கில் சேர்க்காது. ஆக உண்மையான டிராயிங் பவர் 95 லட்சம், நிலுவை 174 லட்சம். ஓட்டை 79 லட்சம்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதுவே பதில். விலை 50-க்கு வந்தாலும் பழைய கூழில் கூடுதலாகக் கிடைப்பது 25 லட்சத்துக்குள்தான். 2024 ஜூனில் அடைத்த கூழின் ஆயுள் எத்தனை மாதம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

---

மாங்கூழ்_யாதமரி | செப்டம்பர் 4, காலை 9.50

18 மாதம், ஐயா. டிசம்பரில் முடிகிறது. இதுவரை யாரும் 79 என்று சொல்லவில்லை. நானும் போட்டுப் பார்க்கவில்லை, பயம்.

---

தோப்புக்காரி | செப்டம்பர் 4, மதியம் 1.05

நான் பங்காருபாளையம் பக்கம் ஏழு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறவள். இந்த ஆலைக்கா, பக்கத்து ஆலைக்கா என்று சொல்லப் போவதில்லை, ஒரு ஆலைக்கு இந்த வருடம் 11 டன் போட்டேன். டிராக்டர் வரிசையில் இரண்டு இரவு நின்றோம். மூன்றாம் நாள் மேல்தட்டுக் காய் வெயிலில் கருத்துவிட்டது. எடைச் சீட்டு கையில் இருக்கிறது. 88,000-க்கு 20,000 வந்தது.

மேலாளர் ஐயா, உங்கள் கணக்கு புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 6 லட்சம் யாருடையது? நாங்கள் கொடுத்த காய், அது கூழாகி, விற்றுப் பணமாக வந்தது. அதை வங்கி பிடித்துக்கொள்ளாமல் எங்களுக்குக் கொடுத்ததை நீங்கள் குற்றம் என்கிறீர்கள். வங்கிக்கு ஆலை அடமானம், வீடு அடமானம், அப்பா கையெழுத்து அடமானம். எங்களுக்கு இந்தத் துண்டுச் சீட்டு. எல்லோரும் சேர்ந்து ஆலையை வங்கியிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்று பேசுகிறீர்கள். எங்கள் பாக்கி உங்கள் கணக்கில் 'கழித்தால்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

---

பழைய_கிளை_மேலாளர் | செப்டம்பர் 4, மாலை 5.40

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. சுற்றி வளைத்துக் கொடுத்ததால் அடுத்த தவணையை உங்களுக்குக் கொடுக்கும் வழியை அவர் அடைத்துக்கொண்டார். ஆலை ஏலத்துக்குப் போனால் விற்கும் பணத்தில் அடமானம் வைத்திருக்கும் வங்கி முன்னால் நிற்கும். சீட்டு வைத்திருப்பவர்கள் வெகு பின்னால் நிற்பார்கள். உங்கள் 68,000 ரூபாய் வர வேண்டுமானால் அந்த ஆலை ஓட வேண்டும்.

உங்கள் பாக்கி வெறும் கழித்தலோடு முடியக் கூடாது என்பதற்கு முறையான வழியும் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் மீட்புக்கு மத்திய அரசு 2015 மே 29 அன்று ஒரு சட்டகம் அறிவித்தது. அதை ஒட்டி 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவு அனுப்பியது. 25 கோடி வரை கடன் உள்ள தொழில் இதற்குள் வரும். கணக்கு வாராக்கடன் ஆகும் முன்பே, 'என்னால் கட்ட முடியாமல் போகலாம்' என்று தொழில் நடத்துபவரே விண்ணப்பிக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் என்றால் விண்ணப்பம் கிளையில் தங்காது, ஒரு குழுவுக்குப் போக வேண்டும். அதில் வங்கியின் வட்டார அதிகாரியும், வெளியிலிருந்து ஒரு வல்லுநரும், மாநில அரசின் பிரதிநிதி ஒருவரும் உட்காருவார்கள். அந்தக் குழுவிடம் அரசுக்கு உள்ள பாக்கி, அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் பாக்கி எல்லாவற்றையும் அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்கள் எடைச் சீட்டு அந்தப் பட்டியலில் ஏறும். ஏற்றுங்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

குழுவுக்கு மூன்று வழி. திருத்தம், மறுசீரமைப்பு, வசூல். திருத்தம் என்றால் கடன் நிபந்தனையை மாற்றாமல், இந்தத் தேதிக்குள் இந்தப் பணம் இங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுத்து, அதன்படி ஒழுங்குக்கு வருவது. மறுசீரமைப்பு என்றால் ஓட்டையைத் தனியாக வெட்டி எடுத்து நீண்டகாலக் கடனாக்கி, தவணையை நீட்டுவது. இங்கே ஓர் எச்சரிக்கை. 2019 முதல் 2021 வரை அறிவித்த சலுகைகளில், மறுசீரமைத்தாலும் கணக்கு நல்ல கணக்காகவே இருந்தது. அந்த வாசல் மூடிவிட்டது. இப்போது மறுசீரமைத்தால் கணக்கு வாராக்கடன் வகைக்குத்தான் போகும், ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகே மேலே வரும். அதனால் முடிந்தவரை திருத்தத்தையே கேளுங்கள். முடியாவிட்டால் மறுசீரமைப்புக்குத் தயங்காதீர்கள். கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட வாராக்கடனும், ஓடிக்கொண்டே தவணை கட்டுகிற வாராக்கடனும் ஒன்றல்ல.

தவணை கேட்கும்போது மாதத் தவணை கேட்காதீர்கள். கூழ் ஆலைக்கு ஜூன், ஜூலையில் பணம் வெளியே போகும், செப்டம்பர் முதல் மார்ச் வரை உள்ளே வரும். பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை என்று எழுதியதே உங்கள் எந்திரக் கடனின் முதல் நோய். இதை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நானே அப்படி எழுதிக் கொடுத்த கோப்புகளும் அதில் உண்டு. இன்றும் அது உறுத்துகிறது.

---

கணக்கர்_சித்தூர் | செப்டம்பர் 4, இரவு 8.20

பட்டயக் கணக்காளராக இருக்கிறேன். மேலாளர் ஐயா சொன்னதோடு சேர்த்துச் சில.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் அந்தச் சான்றை வங்கியில் இப்போதே எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ப்ரோ நிட்ஸ் வழக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அந்த மீட்புச் சட்டகம் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்பது ஒன்று. தொழில் நடத்துபவரும் விழிப்பாக இருக்க வேண்டும், வாராக்கடன் ஆகும் முன்பே தான் சிறு தொழில் என்பதற்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு கிளப்பக் கூடாது என்பது மற்றொன்று. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த 31 லட்சம். உங்கள் ஆலை குறு அல்லது சிறு வகையில் பதிவாகியிருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் யாரும் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. வாங்கியவர் மும்பையில் இருந்தாலும் சிறு தொழில்களின் பாக்கியை விசாரிக்கும் நம் மாநில வசதியாக்க மன்றத்திலேயே மனுப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. மன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். முதலில் வழக்கு வேண்டாம், இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்று பயப்படுவீர்கள். ஐந்து மாதம் பணம் தராதவர் உங்கள் மூலதனத்தில் தொழில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

திவால் சட்டம் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். சிறு தொழில்களுக்கென்று 2021-ல் வந்த முன்கூட்டிய தீர்வு முறை கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவானவர்களுக்குத்தான். யாதமரிக்காரர் பங்குதாரர் நிறுவனம், அது இவருக்கு ஆகாது.

---

கொழிஞ்சாம்பாறை_வார்ப்பகம் | செப்டம்பர் 5, காலை 7.15

நான் பாலக்காடு பக்கம். மாம்பழம் தெரியாது, இரும்பு தெரியும். ஒரு சந்தேகம். எங்கள் கடனுக்குத் தென்னந்தோப்பு அடமானம். விவசாய நிலத்தை சர்ஃபேசியில் எடுக்க முடியாது என்கிறார்கள், சரியா?

---

கணக்கர்_சித்தூர் | செப்டம்பர் 5, காலை 8.00

சட்டத்தின் 31-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் தோப்பு என்று எழுதியிருந்தால் போதாது, அடமானம் வைத்த நேரத்தில் உண்மையிலேயே விவசாயம் நடந்ததா என்று பார்ப்பார்கள். விலக்கு கிடைத்தாலும் கடன் போகாது. 20 லட்சம், அதற்கு மேல் என்றால் வங்கி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும். கேரளத்துக்கு அது எர்ணாகுளத்தில். உங்கள் கணக்கு எத்தனை நாள் பாக்கி என்று தனி இழையில் எழுதுங்கள், பார்க்கலாம்.

---

பரதராமி_வியாபாரி | செப்டம்பர் 5, காலை 11.30

முதலில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 3 வட்டி யோசனை நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் ஒரு கேள்வி. கடைசியில் எல்லோருக்குமே வங்கி ஒருமுறைத் தீர்வில் பாதியைத் தள்ளிக் கொடுக்கத்தானே செய்கிறது? அதற்குக் காத்திருந்தால் என்ன?

---

நகரி_தறிக்காரர் | செப்டம்பர் 5, மதியம் 2.45

நான் காத்திருந்து வாங்கியவன், கேட்டுக்கொள்ளுங்கள். 38 லட்சம் பாக்கி, 27 லட்சத்துக்குத் தீர்த்தார்கள். கேட்க 11 லட்சம் லாபம் போல இருக்கும். அந்த 27-ஐ 90 நாளுக்குள் கட்ட 16 தறிகளை விற்றேன். தறி பிரித்து லாரியில் ஏற்றும்போது வந்தவர் எடைக்குத்தான் விலை பேசினார். ஓடுகிற தறிக்கு ஒரு விலை, நின்ற தறிக்கு ஒரு விலை. அந்த வித்தியாசத்தில் என் 11 லட்சம் போய்விட்டது. மனைவியின் நகைகள் தனி.

வங்கி தர வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஒருமுறைத் தீர்வைக் கடன் வாங்கியவர் உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் சொல்லிவிட்டது. கிடைத்தாலும் சிபிலில் 'முழுதும் கட்டினார்' என்று வராது, 'தீர்த்துக்கொண்டார்' என்று வரும். இன்று வரை எந்த வங்கியும் என்னை உட்காரச் சொல்லவில்லை. இப்போது எட்டுத் தறியில் கூலி நெசவு ஓட்டுகிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் கடன் முடிந்த பிறகு 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. என் தொழில் கடனுக்கும் அதைச் சொல்லிக் கேட்டதும் எனக்குப் பன்னிரண்டாம் நாள் பத்திரம் வந்தது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

---

மாங்கூழ்_யாதமரி | செப்டம்பர் 9, இரவு 9.00

இன்று கொடுத்துவிட்டோம். தம்பியும் நானும் சேர்ந்தே போனோம். விண்ணப்பம், உத்யம் சான்று, 40 ரூபாய் விலை போட்டுத் திருத்திய ஸ்டாக் ஸ்டேட்மென்ட், 63 விவசாயிகளின் பெயரும் பாக்கியும், 6 லட்சம் எந்தக் கணக்கில் வந்து யார் யாருக்குப் போனது என்ற பட்டியல். மேலாளர் ஐயா சொன்னபடி நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கினேன். முத்திரை போட முதலில் தயங்கினார்கள். நிற்கிறோம் என்று சொல்லி நின்றோம்.

கிளை மேலாளர் 79 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, 'இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே தெரிந்தது.

ஓட்டைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது: குளிர்பான நிறுவனத்தின் 31 லட்சம், சித்தூரில் உள்ள வீட்டு மனையை விற்று 20 லட்சம், மீதி 28 லட்சத்துக்குச் சீசனை ஒட்டிய தவணை. பழைய டிரம்களை 40-க்கே விற்கத் தொடங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

---

பழைய_கிளை_மேலாளர் | செப்டம்பர் 10, காலை 6.10

நல்லது. விற்கிற ஒவ்வொரு டிரம்மின் பணமும் சி.சி.யில்தான் விழ வேண்டும். அதிலிருந்து விவசாயிகளுக்கு வாரம் எவ்வளவு விடலாம் என்று கிளையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். காய் கொடுத்தவருக்குக் கொடுக்காமல் அடுத்த சீசன் இல்லை என்பது வங்கிக்கும் புரியும், எழுதினால். விற்பதால் மட்டும் ஓட்டை சின்னதாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். சரக்கு குறையும்போது டிராயிங் பவரும் கூடவே குறையும். மனையும் அந்த 31 லட்சமும்தான் அதை அடைக்கும்.

---

மாங்கூழ்_யாதமரி | அக்டோபர் 20, இரவு 8.45

வெகுநாள் எழுதாததற்கு மன்னிக்கவும்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தவணைகளை அக்டோபர் 7 அன்று கட்டிவிட்டோம். 16-ஆம் தேதி இரவு தூங்கவில்லை. 17 காலை கிளைக்குப் போய்க் கேட்டேன், கணக்கு வாராக்கடன் ஆகவில்லை. 18-ஆம் தேதித் தவணை இந்த வாரம் போகிறது.

கடிதம் போன பத்தாம் நாள் குளிர்பான நிறுவனம் 12 லட்சம் அனுப்பியது. மீதிக்கு நவம்பர் என்கிறார்கள். வராவிட்டால் மன்றத்தில் மனு தயாராக இருக்கிறது. மனைக்கு ஆள் வந்து பார்த்தார், 17-க்குக் கேட்கிறார்.

குழு ஒருமுறை கூடியது. திருத்தமா, மறுசீரமைப்பா என்று இன்னும் முடிவாகவில்லை. சரக்குத் தணிக்கை கேட்டார்கள். போன புதன்கிழமை தணிக்கையாளர் வந்தார். எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் சுவரை ஒட்டி நின்ற டிரம்மைக் காட்டி, அதைத் திறக்கச் சொன்னார். எட்டு டிரம்மை நகர்த்தி அதை இழுத்தோம். சீட்டில் 2024 ஜூன் 24. மூடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இனிப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்தார். பிரிக்ஸ் 15.2. நிறம் மாறவில்லை, புளிப்பு வாடை இல்லை. அவர் எழுதிக்கொண்டு அடுத்த டிரம்மைக் காட்டினார். ஆறு டிரம் திறந்தார். ஆறும் நன்றாக இருந்தன. பழைய கூழில் இப்போது 540 டிரம் மீதி.

---

தோப்புக்காரி | அக்டோபர் 20, இரவு 9.30

விவசாயிகளுக்கு?

---

மாங்கூழ்_யாதமரி | அக்டோபர் 20, இரவு 9.50

இதுவரை 5.20 லட்சம் சி.சி. கணக்கிலிருந்தே போயிருக்கிறது, அக்கா. சிறிய தொகை உள்ளவர்களுக்கு முதலில் கொடுத்தோம். 63 பேரில் 22 பேருக்கு முடிந்தது. வாரம் ஒன்றரை லட்சத்துக்குக் கிளை அனுமதி தந்திருக்கிறது. அடுத்த பட்டுவாடா 28-ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஆலையில். யாருக்கு எந்த வாரம் என்ற பட்டியலை ஆலை வாசல் கதவுக்கு உள்ளே தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டியிருக்கிறோம்.

நீங்கள் எங்கள் ஆலைக்குப் போட்டவரா என்று நான் கேட்கவில்லை. போட்டவராக இருந்தால் சீட்டோடு வாருங்கள்.

---

தோப்புக்காரி | அக்டோபர் 20, இரவு 10.05

வருகிறேன். எங்கள் ஊரில் இன்னும் நான்கு பேரிடம் சீட்டு இருக்கிறது, அவர்களையும் அழைத்து வருகிறேன். பட்டியலைக் கதவுக்கு வெளியே ஒட்டுங்கள், உள்ளே வேண்டாம்.

---

மாங்கூழ்_யாதமரி | அக்டோபர் 21, காலை 7.20

மாற்றி வெளியே ஒட்டிவிட்டேன், அக்கா.